கோரிக்கை இல்லாத நோன்பு

"ஏம்ல, இன்னைக்கும் சாப்பிடலியா?" என்று வேல்ராஜ் கேட்டபோது மசூதின் தட்டு காலியாக இருந்தது. சாப்பிட்டு முடித்துக் காலியான தட்டு அல்ல. கழுவி அடுக்கியிருந்ததிலிருந்து எடுத்து வந்த ஈரம்கூட அதில் இன்னும் காயவில்லை.

பசிக்கவில்லை என்றான் மசூது. அது பொய். விடியும் முன் இருட்டிலேயே விழுங்கிய பன்னும் வாழைப்பழமும் எப்போதோ கரைந்துபோயிருந்தன. காலையிலிருந்து கார் இருக்கைக்குள் வைத்துத் தைக்கிற மஞ்சள் நுரைத்துண்டு அவன் கண்ணுக்கு கேக் மாதிரித் தெரிய ஆரம்பித்திருந்தது.

இருங்காட்டுக்கோட்டையில் கார்களுக்கு இருக்கை செய்துகொடுக்கிற கம்பெனி அது. மசூதுக்குக் கடையநல்லூர். வேல்ராஜுக்குக் கோவில்பட்டிப் பக்கம். இருவருக்கும் ஒரே ரூம், ஒரே லைன், ஒரே ட்ரெயினி சட்டை. தீபாவளி முடிந்ததும் சில பேரை நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு. அதனால் லைனில் யாரும் தும்முவதற்குக்கூட சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் தும்மினார்கள்.

மசூது சாப்பிடாததற்குக் காரணம், ஸ்ரீபெரும்புதூர்ப் பள்ளிவாசலில் ஹஜ்ரத் செய்த ஒரு ஜும்ஆ பயான், வெள்ளிக்கிழமைப் பிரசங்கம். ரமலான் பிறந்தபிறகு ரமலானுக்குத் தயாராவது, பெண் வீட்டார் வாசலில் வந்து நிற்கும்போது மாப்பிள்ளை சட்டைக்குப் பொத்தான் தேடுவது மாதிரி என்றார் அவர். இப்போது நடப்பது ரமலானுக்கு முந்தைய மாதமான ஷஃபான். நபிகள் இந்த மாதத்தில் நிறைய நோன்பு வைத்தார்கள். உடம்பும் மனசும் இப்போதே பழகட்டும். அப்புறம் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். நாலு பேர் பார்க்கச் செய்கிற நன்மையில் முகஸ்துதி கலந்துவிடும். அல்லாவுக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த நல்ல அமல் ஒன்றாவது உங்களிடம் இருக்கட்டும்.

அந்த இரண்டாவது பேச்சு மசூதின் நெஞ்சில் தைத்தது. போன ரமலானில் ஷிப்டையும் ஓ.டி.யையும் சாக்குச் சொல்லிப் பாதி நோன்பை விட்டவன் அவன். பெருநாளைக்கு ஊருக்குப் போனபோது உம்மா கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினான். உம்மா அந்தத் தலையாட்டலைத் தெரு முழுக்கக் கொண்டுபோய்விட்டாள். மெஷின் முன்னால் நின்றுகொண்டே எல்லா நோன்பையும் பிடித்த பிள்ளை என்று பெரியம்மாக்கள் வந்து கன்னத்தைத் தடவினார்கள். அந்தத் தடவல் இன்னும் எரிந்தது. இந்த வருஷம் முன்கூட்டியே நோன்பு வைப்பது, அதை ஒரு ஜீவனுக்கும் தெரியாமல் வைப்பது என்று முடிவு செய்தான்.

ஆனால் கம்பெனி கேன்டீனில் ஒரு மனிதன் ரகசியமாகச் சாப்பிடாமல் இருப்பது அவ்வளவு சுலபமில்லை.

பசிக்கவில்லை என்பதை வேல்ராஜ் இரண்டு நாள்தான் நம்பினான். பிறகு மசூது சோறு வாங்கிக்கொண்டு வந்து, வேல்ராஜ் தண்ணீர் எடுக்கத் திரும்பும்போது அவன் தட்டில் தள்ளிவிடத் தொடங்கினான். அதுவும் ஓடவில்லை. வேல்ராஜுக்கே அந்தச் சாப்பாடு இறங்கவில்லை. முன்பெல்லாம் கேன்டீன் மாஸ்டரின் ரசத்துக்காகவே சரக்கு ஏற்ற வரும் லாரி டிரைவர்கள் மத்தியானம் வரை காத்திருப்பார்கள். இப்போது கொஞ்ச நாளாக அவர் கைக்கு என்ன ஆயிற்றோ, சாம்பார் உப்பில் ஒரு நாள் கடலாக இருந்தது, மறுநாள் கிணறாக இருந்தது. தன் தட்டில் சோறு தானாகப் பெருகுவதைக் கண்ட வேல்ராஜ் கையும் களவுமாகப் பிடித்துவிட்டான்.

வேறு வழியில்லாமல் வயிறு சரியில்லை என்றான் மசூது.

அது இன்னும் பெரிய தொல்லையில் கொண்டுபோய் விட்டது. வேல்ராஜ் நல்லவன். நண்பனுக்கு வயிறு சரியில்லை என்று தெரிந்தபிறகு சும்மா இருக்க அவனால் முடியாது. கையைப் பிடித்து முதலுதவி அறைக்கு இழுத்துப் போனான். அங்கிருந்த நர்ஸம்மா உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஒரு பெரிய டம்ளரில் கொடுத்து, முழுசாகக் குடித்தால்தான் அனுப்புவேன் என்று எதிரிலேயே நின்றார். மசூது வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடித் தப்பித்தான். அங்கே கதவுக்குப் பின்னால் நின்றபடி, இதுவரை சொன்ன பொய்களை நினைத்துப் பார்த்தான். ஒரு நோன்பை மறைக்க ஒரு நாளைக்கு இத்தனை பொய் என்றால், நோன்பு வைக்காமல் இருந்த காலத்தில்தான் நாக்கு சுத்தமாக இருந்திருக்கிறது என்று தோன்றியது. அழுகை வந்தது.

வெளியே வந்ததும் வேல்ராஜ் விடவில்லை. வயிறு இப்போது எப்படி இருக்கிறது என்றான். பரவாயில்லை என்றான் மசூது. அப்படியென்றால் வந்து சாப்பிடு என்றான். முடியாது என்றான். ஏன் என்றான்.

களைத்துப்போயிருந்த மசூது, கேள்வி முடிந்தால் போதும் என்று வாயில் வந்ததைச் சொன்னான்.

"சாப்பாடு வாயில வைக்க முடியலடே. அதான்."

வேல்ராஜின் முகத்தில், வெகு நாளாக யாரோ சொல்ல வேண்டும் என்று காத்திருந்ததை இப்போது யாரோ சொல்லிவிட்ட நிம்மதி தெரிந்தது.

லைனில் எல்லோருக்கும் சாப்பாட்டைப் பற்றி வயிற்றெரிச்சல் இருந்தது. ஆனால் வேலை நிரந்தரமாகப் போகிற நேரத்தில் வாயைத் திறக்க யாருக்கும் தைரியமில்லை. மசூது அதில் கடைசி ஆள். கீரைக்குள் ரப்பர் பேண்டு வந்தபோது அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டவன். அப்படிப்பட்டவனே பட்டினி கிடந்து எதிர்ப்பைக் காட்டுகிறான் என்றால் மற்றவர்களுக்கு ரோஷம் வராதா?

மறுநாள் அவர்கள் மேஜையில் ஒருவரும் சாப்பிடவில்லை. அதற்கு அடுத்த நாள் லைனே சாப்பிடவில்லை. யாரும் கோஷம் போடவில்லை, யாரும் யாரையும் கூப்பிடவும் இல்லை. எல்லோரும் கேன்டீனுக்கு வந்து, கழுவிய தட்டைத் தங்கள் முன் வைத்துக்கொண்டு, மசூதைப் போலவே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பரிமாறும் இடத்தில் மாஸ்டர் கரண்டியைப் பிடித்தபடி நின்றார். ஐம்பது வயது இருக்கும். மெலிந்த மனிதர். அதிகம் பேச மாட்டார். அந்த ஈரத் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, கடைசியில் மசூதைப் பார்த்தார். மசூது பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

சூப்பர்வைசர் தசரதன் ஓடி வந்தார். காஞ்சிபுரத்துக்காரர். இந்த லைனை உருவாக்கியதே தான்தான் என்று நினைப்பவர்.

"இன்னா மசூது, இன்னா நெனச்சிக்கினு கீற நீ? போனஸ் பேசற நேரத்துல ஸ்டிரைக்கு பண்ணிக்கினு... உன்ன நான் சாதுன்னு நெனச்சேன்பா."

மசூது தான் எதுவும் செய்யவில்லை என்றான். அதுதான் பிரச்சினையே என்றார் தசரதன். சத்தம் போடுகிறவனைச் சமாளித்துவிடலாம், சத்தமில்லாமல் உட்காருகிறவனைப் பார்த்தால்தான் மேலே இருப்பவர்களுக்குப் பயம் வருகிறது என்று சொல்லி, அவனை ஆபீசுக்கு அழைத்துப் போனார்.

பெர்சனல் ஆபீசர் இளங்கோவன் ஏசி அறையிலும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உட்கார் என்று மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதைக்குப் பயந்து மசூது நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். பின்னால் யார் இருக்கிறார்கள், எந்த யூனியன் என்று ஆபீசர் கேட்டார். யாரும் இல்லை என்றான். வெளியிலிருந்து யாராவது ரூமுக்கு வந்து பேசினார்களா என்றார். கேபிள் டிவிக்காரர்தான் வந்தார் என்றான். ஆபீசர் அதை நம்பாமல் தலையசைத்தார்.

மசூது யோசித்தான். ரகசியம் போனால் போகட்டும், வேலையாவது மிஞ்சட்டும் என்று தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டு உண்மையைச் சொன்னான்.

"சார், நான் நோன்பு இருக்கேன்."

"அதுதான் ஊருக்கே தெரியுதே. உண்ணாநோன்பு. கோரிக்கை என்ன?"

"கோரிக்கை எதுவும் இல்ல சார். அல்லாவுக்காக இருக்கேன். ரமலானுக்கு முன்னாடி..."

இளங்கோவன் சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டினார். ரம்ஜான் நோன்பு தீபாவளிக்குப் பிறகுதான் ஆரம்பம் என்று அதில் அச்சடித்திருந்தது. விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, வருத்தத்தோடு அவனைப் பார்த்தார்.

"தம்பி, நானும் பாய்ங்களோட படிச்சவன். இதுல மதத்தைக் கொண்டு வராதே. அப்புறம் விஷயம் வேற மாதிரி ஆயிடும்."

மசூது எழுந்துகொண்டான். இதற்கு மேல் விளக்கினால் அது எங்கே போய் முடியும் என்று அவனுக்குத் தெரியவில்லை. வெளியே வந்ததும், எதற்கும் அசையாமல் வந்தவன் என்று லைனில் பேசிக்கொண்டார்கள்.

தசரதன் தனியாகக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். ஆரம்பித்தவன் அவன்தான், அவனே நாளைக்கு எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் போதும், மற்றவர்களும் சாப்பிட்டுவிடுவார்கள், விஷயம் அதோடு அடங்கிவிடும். மசூதுக்கு அது சரியாகப் பட்டது. மறுநாள் அவன் நோன்பு வைக்கவில்லை. ஷஃபானில் வைப்பது விருப்ப நோன்புதான், விட்டால் குற்றமில்லை என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் காலையில் டீக்கடையில் நின்று டீ குடித்தபோது, எழுந்து நடக்கப் பழகிய குழந்தையைத் தானே தள்ளிவிட்டது போல இருந்தது.

மத்தியானம் கேன்டீன் நிறைந்திருந்தது. இளங்கோவனே வந்து தூண் ஓரமாக நின்றார். மசூது தட்டை நீட்டினான். மாஸ்டர் வழக்கத்தைவிட அதிகமாகச் சோறு வைத்தார். சாம்பாரை நிறைய ஊற்றினார். சாப்பிடு தம்பி என்று மெதுவாகச் சொன்னார்.

மசூது உட்கார்ந்து, பிஸ்மில்லா சொல்லி, பெரிய கவளமாக எடுத்து வாயில் வைத்தான்.

அன்றைக்குக் கடல்.

விழுங்கிவிட வேண்டும் என்று அவன் உண்மையிலேயே பாடுபட்டான். கண்களை மூடினான். உம்மாவை நினைத்தான். ஆனால் தொண்டை ஒத்துழைக்கவில்லை. இருமல் வந்து, புரை ஏறி, கவளம் முழுவதும் மேஜையில் சிதறியது. கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட அவன் நிமிர்ந்தபோது, இளங்கோவன் பக்கத்தில் வந்து ஒரு கரண்டி சாம்பாரை வாயில் விட்டுக்கொண்டிருந்தார். அவரும் திரும்பித் துப்பினார்.

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

கேன்டீன் கான்ட்ராக்டரை அங்கேயே வரவழைத்தார்கள். கான்ட்ராக்டர் மாஸ்டரைக் கூப்பிட்டார். இத்தனை வருஷம் கை தேர்ந்தவர், உப்பு பார்க்காமலா இறக்குவார், என்ன ஆயிற்று என்று கேட்டார். மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உடம்பு சரியில்லையா என்றார். இல்லை என்றார் மாஸ்டர். வேண்டுமென்றே செய்தாயா என்றார். அதற்கும் இல்லை. அவ்வளவுதான் பேசினார். அன்று சாயங்காலமே அவரை அனுப்பிவிட்டார்கள். ஒரு துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போகும்போது, டைம் கார்டு அடிக்க வரிசையில் நின்ற மசூதைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அதில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் மசூது அன்றைக்குத் தூங்கியிருப்பான்.

அதன்பிறகு கம்பெனியில் அவன் பெரிய ஆள் ஆகிவிட்டான். வேறு லைனில் இருப்பவர்கள் வந்து கை கொடுத்தார்கள். ஃபேன் ஓடவில்லை, சோப்பு தரவில்லை என்று குறைகளைச் சொன்னார்கள். வேல்ராஜ் அவனுக்கு ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தான். மசூது அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு மனிதனுடைய அடுப்பை அணைத்ததற்குக் கிடைத்த கூலி இது என்று நினைத்தான். தின்னாமலும் இருக்க முடியவில்லை. தின்னாவிட்டால் ஜாங்கிரியை எதிர்த்தும் ஏதாவது ஆரம்பமாகிவிடும்.

தொழ நின்றால் ஈரத் தட்டுகள் கண்முன் வந்தன. மனசைத் துடைத்து வைக்க ஆரம்பித்த மாதத்தில், இதுவரை இல்லாத அழுக்கு ஒன்று வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. போன வருஷம் நோன்பை விட்டவன்தான் அவன். ஆனால் யாருடைய சோற்றிலும் கை வைத்ததில்லை. ஹஜ்ரத்திடம் போய், பேரைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னான்.

ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டார். "அல்லாவுக்குச் செய்ய வேண்டியதுல குறை வெச்சா அல்லா மன்னிச்சுடுவான். மனுசனுக்குச் செஞ்ச தீங்கை அந்த மனுசன்தான் மன்னிக்கணும். ரமலான் பிறை பார்க்கிறதுக்குள்ள போய் அவரைப் பாருங்க."

போய்ப் பார்க்கலாம் என்றால் எங்கே போவது? கேன்டீனில் விசாரித்தான். மாஸ்டருக்கு மாஸ்டர் என்பதைத் தவிர வேறு பெயர் இருப்பதே அங்கே யாருக்கும் தெரியவில்லை. பென்னலூரில் இருப்பதாக ஒருவர் சொன்னார். மழையில் நனைந்தபடி பென்னலூருக்குப் போய் மாஸ்டர் வீடு எது என்று கேட்டான். எந்த மாஸ்டர் என்றார்கள். ஒரு பரோட்டா மாஸ்டரைக் காட்டினார்கள். ஒரு டெய்லர் மாஸ்டரைக் காட்டினார்கள். டியூஷன் எடுக்கும் மாஸ்டர் ஒருவர் தானாகவே வெளியே வந்து, எந்த வகுப்பு என்று கேட்டார்.

தீபாவளி வந்தது. ரூமில் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். மசூது மட்டும் தங்கினான். தீபாவளி முடிந்து ஊரிலிருந்து திரும்பிய வேல்ராஜ், கேன்டீன் நோட்டீஸ் போர்டு முன்னால் அவனைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினான். தொழிலாளர் நலன் கருதிப் புதிய கான்ட்ராக்டர் வந்திருக்கிறார் என்றும், மறுநாளிலிருந்து மத்தியானம் ஸ்பெஷல் மெனு என்றும், முதல் நாள் சிக்கன் பிரியாணி, கத்தரிக்காய்த் தொக்கு, பிரெட் அல்வா என்றும் அதில் டைப் அடித்திருந்தது.

"எல்லாம் ஒன்னாலதான் மாப்ள. நாளைக்கு நீதான் மொதல்ல உக்காரணும்னு எல்லாரும் சொல்லியாச்சு."

அன்று இரவு பிறை தெரிந்தால் மறுநாள் முதல் நோன்பு. மசூது நோட்டீஸை இன்னொரு முறை படித்தான். பிறகு வேல்ராஜின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான். சந்தோஷத்தில் உணர்ச்சிவசப்பட்டுவிட்டான் என்று நினைத்து வேல்ராஜ் முதுகில் தட்டிக் கொடுத்தான்.

அந்தச் சமயத்தில்தான் கேன்டீனுக்கு வரும் காய்கறி வண்டிக்காரர் மாஸ்டரைப் பார்த்ததாகச் சொன்னார். வாலாஜாபாத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சமைத்துக்கொண்டிருக்கிறாராம். மசூது ஷிப்டு முடிந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் பஸ் ஏறினான். வழியெல்லாம் மேகம் மூடியிருந்தது. பிறை தெரியாமல் போய் இன்னும் ஒரு நாள் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு மனசு நினைத்தது. இப்படி நினைத்துக்கொண்டு ரமலானை வரவேற்பவன் தான் ஒருவனாகத்தான் இருப்பான் என்று இன்னொரு மனசு அழுதது.

போய்ச் சேர்ந்தபோது இருட்டியிருந்தது. மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை. புகைக்கு நடுவில் பெரிய அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் அகப்பையால் குழம்பைக் கிளறி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தார். கொஞ்சம் உப்பு அள்ளிப் போட்டார். மறுபடியும் ஒரு சொட்டு விட்டு நக்கி, திருப்தியாகத் தலையசைத்தார். நிமிர்ந்தபோது எதிரில் கம்பெனிச் சட்டையோடு மசூது நின்றுகொண்டிருந்தான்.

"இங்கயும் சாப்பாடு புடிக்கலன்னு சொல்ல வந்தியா தம்பி?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. பயந்துதான் கேட்டார்.

மன்னித்துவிடுங்கள் மாஸ்டர் என்றான் மசூது. நான் உங்கள் சாப்பாட்டைக் குறை சொல்லவே நினைக்கவில்லை என்றான். அப்புறம் ஏன் சாப்பிடாமல் எல்லோரையும் உட்கார வைத்தாய் என்று மாஸ்டர் கேட்டார். மசூது தயங்கினான். உம்மாவுக்குச் சொல்லாத ரகசியம் அது. உடன் தங்கியிருப்பவனுக்கும் சொல்லாதது. ஆனால் மன்னிப்புக் கேட்க வந்துவிட்டு, பாதியை மறைத்துக்கொண்டு கேட்க முடியாது.

"நான் யாரையும் உக்கார வைக்கல மாஸ்டர். ஷஃபான் நோன்பு வச்சிருந்தேன். ஒருத்தருக்கும் தெரியாம வைக்கணும்னு நெனச்சேன். வேல்ராஜ் விடாம கேக்கவும், வாய் தவறி சாப்பாட்டு மேல பழியப் போட்டுட்டேன். ஒங்க பொழப்பு என்னால போச்சு. பிறை தெரிஞ்சா நாளைக்கு ரமலான் நோன்பு. நீங்க மன்னிச்சாத்தான் எனக்கு நோன்பே."

அகப்பை அண்டாவுக்குள் அப்படியே நின்றுவிட்டது. குழம்பு கொதித்து ஓரத்தில் வழிந்தது. மாஸ்டர் அதைக் கவனிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். புகையாலா வேறு எதனாலா என்று தெரியாமல் அவர் கண் கலங்கியிருந்தது.

பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீயுமா பாய்? நானுந்தான் அப்ப யாருக்கும் தெரியாம ஷஃபான் நோம்பு வெச்சிக்கினு இருந்தேன். நாக்குல வெக்க பயந்துக்கினு கண்ணளவுல உப்பு போட்டேன், ஏன்னு அத்தினி பேரு முன்னால கேட்டும் வாயத் தொறக்கல."